சந்தைப் பெண்களும் அலாகேயும்: ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி பற்றிக் கேள்வி பதில்

மேற்கு ஆப்பிரிக்க அரசியல் வரலாறு எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த கிறுக்கு. இந்த முறை நைஜீரியாவின் பெண் அரசியல்வாதி ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி அவர் மகனைப் பற்றி. பரவாயில்லை, தொடங்கலாம்.

பிறப்பு, படிப்பு?

1900 அக்டோபர் 25, தென்மேற்கு நைஜீரியாவின் அபெயொகுட்டா நகரம். அந்த ஊர் கிராமர் ஸ்கூலில் பையன்கள்தான் படித்தார்கள். 1914இல் சேர்ந்த முதல் மாணவி இவர். 1919இல் இங்கிலாந்து போனார், 1922இல் திரும்பினார். பிரான்சஸ் அபிகெயில் என்ற பெயரை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு ஃபுன்மிலாயோவாக வந்தார். 1925இல் இஸ்ரேல் ரான்சம்-குட்டியுடன் கல்யாணம். அவர் பாதிரியார், பள்ளி ஆசிரியர்.

ஒரு ராஜாவையே ஊரை விட்டு விரட்டினாராமே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் தனியாளாக இல்லை. 1932இல் இவர் தொடங்கிய பெண்கள் சங்கம் படித்த, வசதியான பெண்கள் கூடும் இடம். தையல், சமையல், நாகரிகம். 1940களில் சந்தையில் வியாபாரம் செய்கிற ஒரு பெண் எழுதப் படிக்கச் சொல்லித்தரக் கேட்டார். அவர் பின்னால் மற்ற வியாபாரிகளும் வந்தார்கள். பாடத்தோடு குறைகளும் வந்தன. யுத்த காலத்தில் அதிகாரிகள் அவர்கள் அரிசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்களுக்கென்று தனித் தலைவரி வேறு. பையனுக்கு 16 வயதில் என்றால் பெண்ணுக்கு 15லேயே. வயதைப் பார்க்கிறோம் என்று வரி வசூலிப்பவர்கள் சிறுமிகளின் துணியை அவிழ்த்த கொடுமையும் நடந்தது.

வசூலின் உள்ளூர் முகம் அலாகே, அதாவது எக்பா மக்களின் அரசர், இரண்டாம் அடெமோலா. பின்னால் நின்றது பிரிட்டிஷ் அரசு. 1946இல் சங்கம் அபெயொகுட்டா பெண்கள் யூனியன் ஆனது. இவரும் கவுனை விட்டுவிட்டுத் தன் யொரூபா இனத்தின் உடைக்கு மாறினார். வெள்ளைக்கார அதிகாரிகளிடமும் யொரூபாவில்தான் பேசுவார். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது அவர்கள் பாடு. ஊர்வலத்துக்கு அனுமதி தரவில்லையா? சரி, பிக்னிக் போகிறோம் என்று சொல்லிக் கூடினார்கள். 1947 கடைசியில் ஆயிரக்கணக்கான பெண்கள் அரண்மனை வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். 1948இல் பெண்கள் வரி நின்றது. 1949 ஜனவரியில் அலாகே பதவி விலகி ஊரை விட்டுப் போனார்.

1950 கடைசியில் அவர் திரும்பி வந்துவிட்டார். இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

இவர் ஃபெலா குட்டியின் அம்மாதானே?

ஆமாம், ராணுவ ஆட்சியைப் பாட்டில் சாடிய அந்த இசைக்கலைஞரின் அம்மாதான்.

1929இல் நடந்த பெண்கள் போருக்குத் தலைமை தாங்கியவர் என்று படித்தேன்.

தப்பு. அது நாட்டின் தென்கிழக்கில் இக்போ, இபிபியோ பெண்கள் நடத்தியது. இரண்டிலும் வரி வருவதால் குழப்பிவிடுகிறார்கள்.

நைஜீரியாவில் முதன்முதலில் கார் ஓட்டிய பெண்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. அப்படி ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வரியை ஒழித்தவரை ஸ்டியரிங்கைப் பிடித்தவர் என்று ஞாபகம் வைத்திருப்பது என்ன நியாயம்? பகிரும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

ஒரு தேர்தலிலும் ஜெயிக்காதவரை அரசியல்வாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? போராளி என்று சொல்லுங்கள்.

ஏன் தோற்றார் என்று பாருங்கள். 1951இல் மேற்குப் பிராந்திய சபைக்கு என்சிஎன்சி என்ற தேசியவாதக் கட்சியின் வேட்பாளராக நின்றார். அப்போது வரி கட்டுபவர்களுக்குத்தான் ஓட்டு. பெண்களின் வரியை நிறுத்தியது யார்? இவரே! இவருக்கு ஓட்டுப் போட வேண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு அதனாலேயே ஓட்டு இல்லை.

அது சாக்கு. 1959இல் என்ன ஆச்சு? (முன்பு கேட்ட அதே நண்பர்)

கட்சி சீட்டுத் தரவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். கட்சியும் வெளியே அனுப்பியது. பிறகு காமனர்ஸ் பீப்பிள்ஸ் பார்ட்டி என்று சொந்தக் கட்சி தொடங்கினார், அது எடுபடவில்லை. சாக்கு என்று வைத்துக்கொண்டாலும், 1947இல் லண்டனுக்குப் போன என்சிஎன்சி தூதுக்குழுவில் இருந்த ஒரே பெண் இவர். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜெயித்துக் காட்டியவர் மார்கரெட் எக்போ இல்லையா? அவரை ஏன் ஓரங்கட்டுகிறீர்கள்?

ஓரங்கட்டவில்லை. தென்கிழக்கு நகரமான அபாவின் சந்தைப் பெண்களைத் திரட்டியவர், 1961இல் கிழக்குப் பிராந்திய சபைக்கு ஜெயித்துப் போனவர். அவரைக் கட்சி அணைத்துக்கொண்டது, இவரை ஒதுக்கியது. இவருக்குக் கட்சி ஒழுங்குக்குக் குனிந்து போகும் சுபாவம் இல்லை. அது பலவீனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் கேட்டவர் சொன்ன அர்த்தத்தில் இல்லை. வடக்கு நைஜீரியாவில் பெண்களுக்கு ஓட்டு வந்ததே 1976இல். அப்படிப்பட்ட நாட்டில் தேர்தல் கணக்கை மட்டும் பார்த்தால் பெண் அரசியல் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். நண்பர் இன்னும் இரண்டு முறை எழுதியிருக்கிறார். என் பதில் இதுதான்.

கம்யூனிஸ்டா?

கட்சி உறுப்பினர் இல்லை. 1956இல் சீனா போய் மாவோவைச் சந்தித்தார். அடுத்த வருடம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. அமெரிக்காவும் விசா தரவில்லை. 1970இல் லெனின் அமைதிப் பரிசு வந்தது.

எப்படி இறந்தார்? மகனால்தான் என்கிறார்களே?

மகனால் இல்லை, ராணுவத்தால். 1977 பிப்ரவரி 18 அன்று லாகோஸில் ஃபெலாவின் கலகுட்டா வளாகத்துக்குள் ராணுவத்தினர் நுழைந்தார்கள். எழுபத்தாறு வயதுப் பெண்ணை மாடி ஜன்னல் வழியே வீசினார்கள். அதிலிருந்து அவர் தேறவே இல்லை. 1978 ஏப்ரல் 13 அன்று இறந்தார். விசாரணையில் பழி விழுந்தது 'அடையாளம் தெரியாத சிப்பாய்' மேல். அப்போது ஆட்சியில் இருந்த ராணுவத் தலைவர் ஒபசாஞ்சோ இவரைப் போலவே எக்பா, அதே அபெயொகுட்டா பக்கத்துக்காரர். அம்மாவுக்காகச் சவப்பெட்டி ஒன்றை ஃபெலா ஆட்சித் தலைமையகமான டோடன் முகாம் வாசலுக்கே கொண்டுபோய் வைத்தார்.

ஃபெலா பாட்டுகளில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இசை தெரிந்தவர்களைக் கேளுங்கள். அடுத்த முறை மார்கரெட் எக்போ. கார் ஓட்டினாரா என்று யாரும் கேட்காதீர்கள்.