தண்ணீருக்குத் தீனி போடுங்கள்

கேள்வி: ஐயா, என் மகன் மீன் கடையில் இரண்டு வெள்ளைத் தவளை வாங்கி வந்தான். தண்ணீரை விட்டு வெளியே வராத வகை, பின்காலில் நகம் இருக்கிறது. போன வாரம் முட்டையிட்டு, இப்போது தொட்டி நிறையத் தலைப்பிரட்டை. அவித்த கீரையும் மீன் தீனியும் போடுகிறேன், தொடுவதே இல்லை. தினமும் நாலைந்து செத்துப்போகின்றன. பையன் அழுகிறான்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் கீரையை நிறுத்துங்கள். சின்ன வயதில் தோட்டத்து லோங்காங்கில் (வடிகாலில்) நாம் பிடித்த தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்னும், அதற்குக் கீரை சரி. உங்களிடம் இருப்பது ஆப்பிரிக்க நகத்தவளையின் குஞ்சு. இதற்குச் சுரண்டவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. கெளுத்திக் குஞ்சு மாதிரி இரண்டு மீசையோடு, தலையைக் கீழே சாய்த்து, வால் நுனி மட்டும் துடிக்க நடுத்தண்ணீரில் நிற்கிறதா? தீனி தேடுகிறது என்று அர்த்தம். தண்ணீரை வாயால் இழுத்து, அதில் மிதக்கும் தூளை வடிகட்டித்தான் அது பிழைக்கிறது. அதனால் தீனியைத் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மருந்துக் கடையில் ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை வாங்குங்கள். ஒன்றை மாவாக நுணுக்கி, ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தொட்டி லேசாகப் பச்சை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். அந்தப் பச்சை தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. நான் முதல் தடவை வளர்த்தபோது பாசத்தில் கரண்டி கரண்டியாகப் போட்டேன். மறுநாள் காலை தண்ணீர் நாறிப்போய், முப்பதுக்கு மேல் செத்துக் கிடந்தன. அந்த வாளி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தினமும் அடியில் தங்கும் அழுக்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரின் முறித்த தண்ணீரை ஊற்றுங்கள். வேகமாக இழுக்கும் ஃபில்டர் வேண்டாம். தகரக் கூரை வீடு என்றால் மதியத்தில் தண்ணீர் சூடேறிவிடும்; தொட்டியைக் குளியலறைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். பெரிய தவளைகளை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அவை சொந்தக் குஞ்சையே விழுங்கிவிடும்.

பின்கால் முதலில் வரும், அப்புறம் முன்கால். நாலு காலும் வந்து வால் சுருங்கும் நாட்களில் அது சாப்பிடாது. பயப்படாதீர்கள், வாலே கரைந்து உணவாகிறது. வால் மறைந்ததும் சின்ன ரத்தப்புழு கொடுங்கள், பாய்ந்து பிடிக்கும். அந்த நேரத்தில் பையனைக் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மிஞ்சும் குஞ்சுகளை வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். ஆற்றிலோ லோங்காங்கிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த இனம் நம் ஊர்த் தவளைகளைக் கொல்லக்கூடிய தோல் பூஞ்சையைச் சுமந்திருக்கலாம்.