கையெழுத்துக்கு முன்னால் பந்தைப் பாருங்கள்

பழைய விளையாட்டுப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் கூடும் கண்காட்சிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: இப்படியொரு கண்காட்சிக்கு முதன்முறையாகப் போகப்போகிறேன். கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், சின்ன எல்.இ.டி. டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல். நான்கும் ஒரு சட்டைப்பையில் அடங்கிவிடும். வாங்கியதை மடங்காமல் கொண்டுவர மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் கெட்டியான உறைகளும் சில இருக்கட்டும். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லா மேசைகளையும் பார்த்துவிடுங்கள். வீரர் படம் அச்சிட்ட ஒரே அட்டை இரண்டு மூன்று மேசைகளில் கிடைக்கும். அதன் நிலையும் விலையும் மேசைக்கு மேசை மாறும். எதையும் தொடும் முன் கேளுங்கள். அட்டைகளை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். 'டார்ச் அடித்துப் பார்க்கலாமா?' என்று கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் விலை உயர்ந்த பொருள் எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து ஒன்றைச் சான்றிதழோடு காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: கையெழுத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பந்து எந்தக் காலத்தது என்று பாருங்கள். ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16 அன்று. அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அந்தக் காலத்து அதிகாரப்பூர்வப் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். 1931 முதல் 1959 வரை தலைவராக இருந்தவர் வில் ஹாரிட்ஜ். அவருக்குப் பிறகு 1973 வரை ஜோ குரோனின். குரோனின் பெயர் உள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால், இறந்தவர் பத்து வருடத்துக்கும் மேல் கழித்து வந்து போட்டதாகத்தான் ஆகும். தோலிலும் ஒரு காலக்கணக்கு உண்டு. பெரிய லீக் பந்துகள் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறியது 1974-இல்.

அடுத்தது மை. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-இன் கடைசியில். இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஷார்பி மார்க்கர் வந்தது 1964-இல். 1930-களில் போட்டதாகச் சொல்லும் கையெழுத்தில் பால்பாயின்ட் உருண்டை அழுத்திய பள்ளம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் லென்ஸை எடுங்கள். வழக்கமாகப் போடும் கையெழுத்தில் பேனா வேகமாக ஓடும். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெலிந்து போகும். பார்த்து வரைந்ததில் வளைவுகளில் நடுக்கம் தெரியும், நடுநடுவே பேனாவைத் தூக்கி வைத்த புள்ளிகள் இருக்கும். இயந்திரம் போட்டதில் கோடு முழுக்க ஒரே தடிமன். இரண்டு முனைகளிலும் மை குமிழாக நிற்கும். ரப்பர் முத்திரையில் கோட்டின் நடுப்பகுதி வெளுத்து, ஓரங்களில் மை தேங்கியிருக்கும். இன்னொரு வகைதான் பலரை ஏமாற்றுகிறது: நட்சத்திர வீரருக்காக உடைமாற்றும் அறை ஊழியரோ செயலாளரோ போட்டது. காலமும் மையும் எல்லாம் பொருந்திவிடும். அந்த வீரரின் ஐயமற்ற கையெழுத்துகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால்தான் அது பிடிபடும்.

சான்றிதழ், அதைக் கொடுத்தவரின் தகுதிக்கு மேல் எதையும் நிரூபிக்காது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' சோதனைகளில் போலிக் கையெழுத்துகளோடு போலிச் சான்றிதழ்களும் சேர்ந்தே சிக்கின. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கள்கூட அதில் இருந்தன! சான்றிதழ் எண்ணை வழங்கிய நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்குள்ள படமும் உங்கள் முன்னால் இருக்கும் பந்தும் ஒன்றுதானா என்று அந்த மேசையிலேயே நின்று சரிபாருங்கள்.

கேள்வி: பழைய வீரர் அட்டைகளில் மறுபதிப்பையும் ஓரம் வெட்டியதையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்கேலிலிருந்து தொடங்குங்கள். டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1952 முதல் 1956 வரை வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1957-இலிருந்துதான் 2½, 3½ என்ற இன்றைய அளவு வந்தது. 1952 தொகுதியை அந்த நிறுவனமே 1983-இல் சிறிய அளவில் மறுபதிப்புச் செய்தது. அதனால் சின்னதாக இருக்கும் '1952 மிக்கி மேன்டில்' வீரர் அட்டை உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஓரம் வெட்டியதைப் பார்க்க, அதே தொகுதியைச் சேர்ந்த மலிவான அட்டை ஒன்றை மேலே வைத்து நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து ஆலை வெட்டிலேயே சிறு வித்தியாசம் உண்டு. ஆகவே அளவு மட்டும் போதாது. முகப்பு பழுப்பேறியிருக்க, ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அச்சைப் பொறுத்தவரை எழுத்துகளைப் பாருங்கள். அசலில் படம் வண்ணப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் இடைவெளி இல்லாத ஒரே மை. ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தே புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பிறகு இருட்டான மூலையில் புற ஊதா டார்ச். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் வேதிப்பொருட்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1909-11 ஆண்டுகளின் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் அட்டை நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம். ஒளிராததால் அது அசல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய காகிதத்தில் அச்சடிக்கும் போலிகளும் உண்டு.

கேள்வி: கிரிக்கெட் மட்டையில் அணி முழுவதும் கையெழுத்திட்டிருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சாய்த்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். பேனா மை மரத்தின் ரேகைகளுக்குள் இறங்கி லேசாகக் கசிந்திருக்கும். அச்சு எல்லாப் பெயரிலும் ஒரே நிறம், ஒரே அடர்த்தி. சுற்றுப்பயண அணிகளின் கையெழுத்துத் தாள்களிலும் அச்சடித்தவை ஏராளம். பிராட்மேன் போன்ற ஒருவர் மட்டையின் முகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதாகத் தெரிந்தால், அது தயாரிப்பாளர் ஒட்டிய பெயர் முத்திரையா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 'ஆட்டத்தில் அணிந்த ஜெர்சி' என்கிறார்களே?

பதில்: துணி, லேபிள், தேய்மானம் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் கம்பளி ஃபிளானல் போய் செயற்கை இழைப் பின்னல் துணி முதலில் வந்தது 1970-இல், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு. அன்றைய ஆட்டப் புகைப்படம் கிடைத்தால், எண்ணின் மேல் தையல் துணியின் எந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது, ஒட்டுத்துணி எங்கே இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு ஜெர்சியில் இது அப்படியே அமைவது அரிது. சோப்பில் புதிதாக வெளுத்து, முழங்கையில் மட்டும் உரசிய ஜெர்சி வேண்டாம்.

கேள்வி: வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது? விலை பேசலாமா?

பதில்: பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துவிடும்; பாலிப்ரோபிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். வெயில் படாமல் வையுங்கள், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. பந்தின் மேல் பழைய அரக்குப் பூச்சு மஞ்சளித்திருந்தால் சுரண்டாதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும்.

விலை தாராளமாகப் பேசலாம். கடைசி நாள் பிற்பகலில், திரும்ப மூட்டை கட்டும் எண்ணத்தில் இருப்பவர் இறங்கி வருவார். இரண்டு பொருளுக்குச் சேர்த்துக் கேட்டால் இன்னும் குறைப்பார். ஆனால் அரிய பொருளுக்கு அதுவரை காத்திருந்தால் காலையிலேயே வேறொருவர் கொண்டுபோயிருப்பார். பணம் கொடுக்கும்போது ரசீதில் பொருளின் விவரம், 'அசல்' என்ற உறுதி, போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற குறிப்பு, விற்பவரின் முகவரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.