இசைக்கருவி கேள்வி பதில்: டீட்யூன் செய்தால் பேஸ் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: என் சாஃப்ட்வேர் சிந்தசைசரில் இரண்டு சா-டூத் (ரம்பப் பல் வடிவ அலை) ஆசிலேட்டர்களை, அதாவது சத்தத்தை உண்டாக்கும் பகுதிகளை வைத்து, ஒன்றை மட்டும் 7 சென்ட் ஏற்றி டீட்யூன் செய்தால் (லேசாக ஸ்ருதி விலக்கினால்), நீண்டு ஒலிக்கும் பேட் சத்தம் அருமையாக விரிகிறது. அதே அமைப்பில் பேஸ் (கீழ் ஸ்தாயி) வாசித்தால் ஒரு நோட் கனமாக வருகிறது, அடுத்தது சப்பென்று இருக்கிறது. ஸ்பீக்கர் கோளாறா?

பதில்: ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. 440 ஹெர்ட்ஸும் 441 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு ஒரு தடவை சத்தம் பொங்கி அடங்கும். பள்ளியில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். தம்புராவில் சாரணையையும் அனுசாரணையையும் சேர்க்கும்போது இந்த விம்மல் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுபோகும் வரை பிருடையைத் திருப்புவார்கள். சிந்தசைசரில் நாம் வேண்டுமென்றே அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிடுகிறோம்.

இப்போது உங்கள் 7 சென்ட். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட். 440 ஹெர்ட்ஸில் 7 சென்ட் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 1.8 விம்மல், கேட்கச் சுகமான வேகம். 55 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே 7 சென்ட் சுமார் நாலரை நொடிக்கு ஒரு விம்மல்தான் தரும். உங்கள் பேஸ் நோட் அரை நொடிகூட நீடிக்காது, அது அந்த நாலரை நொடியின் பள்ளத்தில் போய் விழுந்தால் அடிச்சுரமே (நோட்டின் அடிப்படை ஒலி) இருக்காது, மேட்டில் விழுந்தால் அதிரும்.

பேடில் இது உறுத்தாததற்குக் காரணம் சா-டூத் அலையின் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்குகள். அடிச்சுரத்தின் இரண்டு மடங்கில் உள்ள மேற்சுரம் இரண்டு மடங்கு வேகத்தில் விம்மும், மூன்று மடங்கில் உள்ளது மூன்று மடங்கு. அடிச்சுரம் மறையும் அதே கணத்தில் இரண்டு மடங்கு மேற்சுரம் உச்சத்தில் நிற்கும், அதனால் சத்தம் அணையாமல் அதன் நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். சைன் அலையில் இதையே செய்து பாருங்கள், யாரோ வால்யூமை ஏற்றி இறக்குவது போலத்தான் கேட்கும். டீட்யூன் சத்தத்தைத் தடிமனாக்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், என்னைக் கேட்டால் அது சத்தத்தை நகர வைக்கிறது என்பதுதான் சரி. 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரில் மூன்று ஆசிலேட்டர்கள், சூடு ஏற ஏற அவை தானாகவே ஸ்ருதி விலகும், அந்த உயிர்ப்பு அங்கிருந்தும் வந்தது. ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசர் (1996) ஏழு சா-டூத்களை ஒன்றாக்கி, நடுவில் ஒன்றும் இருபுறமும் மும்மூன்றுமாக விலக்கி, அதற்கு சூப்பர்சா என்று பெயர் வைத்தது.

சரி, பேஸுக்கு என்ன செய்வது? அடியில் டீட்யூன் இல்லாத ஒரே ஒரு ஆசிலேட்டர், அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே டீட்யூன் செய்த ஜோடி, அந்த ஜோடியின் அடிப்பகுதியை ஹை-பாஸ் ஃபில்டரில் (கீழ் ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி) வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் ஃபேஸை (அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) மறுபடி தொடங்கும் பட்டன் இருந்தால் அதையும் போடுங்கள், எல்லா நோட்டும் ஒரே மாதிரி தொடங்கும்.

கேள்வி: என் பழைய சிந்தசைசரில் ஒரு வாய்ஸுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு நோட்டுக்கும்) ஒரே ஆசிலேட்டர்தான். டீட்யூன் சத்தம் கிடைக்கவே கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். 1982-இல் வந்த ஜூனோ-60 சிந்தசைசரிலும் ஒரு வாய்ஸுக்கு ஒரே ஆசிலேட்டர்தான், அதன் அகலமெல்லாம் கோரஸில் இருந்து வருவது. கோரஸ் சத்தத்தின் நகல் ஒன்றைச் சில மில்லிநொடி தாமதித்து, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அப்போது நகலின் ஸ்ருதி ஏறி இறங்கி அசலோடு சேர்ந்து விம்மும். கோரஸ் இல்லையென்றால் பல்ஸ் (செவ்வக வடிவ) அலையை எடுத்து அதன் அகலத்தை எல்எஃப்ஓவால் (காதில் கேட்காத அளவு மெதுவாக ஓடும் ஆசிலேட்டர்) மெதுவாக அசையுங்கள், இரண்டு சா-டூத் விலகி நிற்பதற்கு மிக நெருக்கமாகக் கேட்கும்.