மெம்பிஸில் ஒன்றரை நாள்: ஆர்வியை எங்கே விடுவது?

30 அடி ஆர்வி (படுக்கை, சமையலறையோடு கூடிய பயண வண்டி), இரண்டு பிள்ளைகள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸில் ஒன்றரை நாள். பாட்டுக்குப் பேர்போன பீல் தெருவுக்கே ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவ்வளவு நீள வண்டியை டவுன்டவுனில் திருப்பவும் நிறுத்தவும் படாதபாடு படுவீர்கள். பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த கிரேஸ்லேண்ட் மாளிகைக்குப் பக்கத்திலேயே ஆர்வி பார்க் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு ஊபரில் சுற்றுங்கள். ஆகஸ்ட் நடுவில் எல்விஸ் நினைவு வாரம் வரும், அப்போது போவதென்றால் மிக முன்கூட்டியே இடம் பிடியுங்கள்.

சன் ஸ்டுடியோவை விடாதீர்கள். 1954 ஜூலையில் எல்விஸ் தன் முதல் இசைத்தட்டுக்காகப் பாடிய அதே சின்ன அறையில் நிற்கலாம். எனக்கு அதைவிட நெருக்கமானது ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகம். சோல் இசைப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடிய பழைய ஸ்டுடியோ கட்டடத்தை 1989-இல் இடித்துவிட்டார்கள். மனம் ஆறாமல் அதே இடத்தில் திரும்பக் கட்டி 2003-இல் திறந்தார்கள். அவசரமில்லாமல் பாருங்கள்.

அப்புறம் பிள்ளைகளுக்கு, பீபாடி ஹோட்டல். காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் வாத்துகள் சிவப்புக் கம்பளத்தில் வரிசையாக நடந்து போகும். அங்கிருந்து பீல் தெரு நடை தூரம்தான். இருட்டுவதற்குள் பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். இரவு ஏற ஏற அது பெரியவர்களுக்கான தெரு.