மழைக்குப் பிறகு குதிரையின் முதுகில் பொருக்கு வந்து முடி கொத்தாக உதிர்கிறது. பூஞ்சை மருந்துக்கும் குறையவில்லை. என்ன செய்வது, எப்போது சவாரி செய்யலாம்?

கேள்வியைப் படித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே நிலைமையில் நின்றவன்தான். நீங்கள் பூஞ்சை மருந்தோடு நிறுத்திக்கொண்டீர்கள், நான் அதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்தேன்.

உங்கள் குதிரைக்கு வந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது. டெர்மடோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கும். 1915இல் காங்கோவில் மாடுகளிடம் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். இழை இழையாகக் கிளைவிட்டு வளர்வதால் பூஞ்சை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். காய்ந்த, நல்ல தோலுக்குள் அதனால் சுலபமாக நுழைய முடியாது. தோல் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி, கூடவே ஈயோ உண்ணியோ கடித்த சின்னக் காயமும் இருந்தால் போதும், புகுந்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது பின்னங்கால்கள் இரண்டும் வெள்ளையான ஒரு பெட்டைக்குதிரை. அந்த மழையில் அவளுக்குக் குளிருமே என்று, நனைந்த முதுகைத் துவட்டாமல் அதன் மேலேயே தடிமனான போர்வையைப் போட்டேன். நாலு நாள் அதைக் கழற்றவே இல்லை. நீங்களும் போர்த்தித்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாம் நாள் கையை வைத்தால் முடிக்கடியில் தானியம் கொட்டினாற்போல நெருடியது. ஒன்றை இழுத்தேன். பெயிண்ட் பிரஷ் மாதிரி முடி கொத்தாக வந்தது. அடியில் பொருக்கு, அதற்கும் அடியில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ்.

சரி, வறண்டு போயிருக்கிறது போல என்று நானே முடிவு கட்டி, பிசுபிசுப்பான களிம்பை அப்பி மறுபடியும் போர்த்தினேன். ஈரம், சூடு, காற்று இல்லாத இடம் என்று அந்தக் கிருமிக்கு வேண்டிய அத்தனையையும் நானே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் பிட்டம் வரை பரவியது. வெள்ளைக் கால்களில் குளம்புக்கு மேலே தோல் வெடித்து வீங்கிவிட்டது. பிரஷ் போடும்போது என்னைக் கடிக்கத் திரும்பினாள். என்ன திமிர் என்று கழுத்தில் ஓர் அடி வைத்தேன். அவளுக்கு வலித்திருக்கிறது. அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மருத்துவர் வந்து பொருக்கைக் கரைத்துக் கண்ணாடியில் தடவி, சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ரயில் தண்டவாளம் போல இரண்டு வரிசையாகப் புள்ளிகள், அதுதான் அந்தப் பாக்டீரியா. பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "போர்வையை எடுங்க." மழை படாத, காற்று வரும் கூரைக்கு மாற்றினோம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, கழுவி, துண்டால் ஒற்றி நன்றாக உலர்த்தினோம். உலர்த்துவதுதான் பாதி வைத்தியம். உலர்த்த முடியாத நாளில் குளிப்பாட்டாமலே இருப்பது மேல். ஊறித் தானாக வரும் பொருக்கை மட்டும் எடுத்தோம், ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்க்கவில்லை. கால் வீக்கத்துக்காகச் சில நாள் பெனிசிலின் ஊசி. லேசாக வந்தது ஈரம் போனாலே ஆறிவிடும் என்றும் சொன்னார், எங்களுடையது லேசான கட்டத்தைத் தாண்டியிருந்தது.

உதிர்ந்த பொருக்கைத் தரையில் விடாதீர்கள், அதில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனிதருக்கும் ஒட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை இன்னொரு குதிரைக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் லாயத்தில் ஒருவர் "ஒரு நிமிஷம்" என்று என் பிரஷ்ஷை எடுத்துப் போவார், அடுத்த மாதம் அவர் பெட்டியில் கிடக்கும். கேட்டால் நான் கருமி. இதே மனிதர்தான், மருத்துவச் செலவைக் கேட்டுவிட்டு "இந்தக் காசுக்கு ஒரு வண்டியே வாங்கியிருக்கலாமே" என்றவர். வாங்கியிருக்கலாம். அவர் மகளுக்குப் பிறந்தநாளென்றால் போட்டோ எடுக்க மட்டும் என் குதிரைதான் வேண்டும்.

நான் மருத்துவன் இல்லை. "எங்கள் குதிரைகள் வருடம் முழுக்க மழையில்தான் நிற்கின்றன, ஒன்றும் வந்ததில்லை" என்று இங்கே யாராவது கிளம்பி வருவார்கள். நல்லது, உங்கள் குதிரைக்குத் தோல் கெட்டி. போர்வையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தண்ணீர் புகாத, காற்றுப் போகும் போர்வையாக இருக்கட்டும், காய்ந்த உடம்பின் மேல் போடுங்கள், தினமும் கழற்றி அடியில் கையை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் குதிரைக்கு வலியைவிட அரிப்பு அதிகமென்றால் உண்ணிப்பூச்சி வகை ஏதாவது இருக்கலாம். வட்ட வட்டமாக முடி போனால் படர்தாமரை, அதற்குத்தான் உங்கள் பூஞ்சை மருந்து. கால் வீங்கினாலோ நொண்டினாலோ இங்கே பதில் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சவாரி? சேணம் படும் இடத்தில் பொருக்கு இருக்கும்வரை வேண்டாம். நாங்கள் ஆறு வாரம் நடந்துதான் போனோம், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், அவள் பின்னால்.