மழைக் கணக்குக்கு 15,000 ரூபாயா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். பருவநிலை மாற்றத்தால் தூத்துக்குடி மாவட்டத்து மழை மாறியிருக்கிறதா என்பது அவளுடைய ப்ராஜெக்ட். 1994 முதல் 2023 வரை தினசரி மழை அளவு வேண்டுமாம். ப்ராஜெக்ட் சென்டர் ஒன்றில் 'ஒரிஜினல் டேட்டா' என்று 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். புனேயில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை அலுவலகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. நாட்டைச் சுமார் 27 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள்வாரி மழையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு கோப்பு. என்ன, எக்செல்லில் நேரடியாகத் திறக்காது. பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள். அந்தத் திணறலுக்குத்தான் சென்டர்காரர் விலை வைக்கிறார். ஐ.எம்.டி.லிப் என்று ஒரு பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம். பைத்தான் தெரிந்த சீனியர் யாராவது கூட உட்கார்ந்தால் போதும்.

சென்டரில் தரும் கோப்புகளை நான் நம்புவதில்லை. உங்கள் ஊர்ப் பக்கமே சோதித்துப் பார்க்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையை அளந்து, அளந்த நாளின் தேதியில் எழுதும். 17ஆம் தேதி பகலும் இரவும் கொட்டியது 18ஆம் தேதியில்தான் இருக்க வேண்டும். கோப்பில் 17 என்று இருந்தால், யாரோ செய்தியைப் பார்த்துத் தட்டியது என்று சந்தேகப்படுங்கள். 'கட்டக் கணக்கு' என்று சொல்லிவிட்டு அதில் முழு 95 இருந்தாலும் சந்தேகம்தான். அக்கம்பக்கத்து மழைமானிகளையும் சேர்த்துக் கணக்கிடும்போது உச்சம் மழுங்கிவிடும்.

உங்களுடையது கடலோர மாவட்டம். கடலில் விழும் கட்டங்களில் மைனஸ் 999 என்று இருக்கும். 'இங்கே கணக்கு இல்லை' என்பதற்கான குறி அது. அதையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மழை மைனஸில் வரும். வந்திருக்கிறது, ஆய்வேடுகளிலேயே!

ஒரே ஒரு விதிவிலக்கு. மகளின் ஆய்வு கனமழை நாட்களைப் பற்றியது என்றால் கட்டக் கணக்கு போதாது; காயல்பட்டினத்து மானி என்ன காட்டியது என்பதே வேண்டும். மாதாந்திர, பருவகால மழை என்றால் இந்தச் சிக்கல் இல்லை. தலைப்பில் 'கனமழை' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், கல்லூரிக் கடிதத்தோடு புனே அலுவலகத்துக்கே இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வரத் தாமதமாகலாம், கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடக் கூடாது. வரிப்பணத்தில் அளந்த மழையைக் கேட்டு வாங்க மாணவர்களை ஏன் இப்படி அலைக்கழிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பதே இதனால்தான்.

அப்புறம், கணக்கு 2023இல் முடிவதைக் கைடிடம் சொல்லிவிடட்டும். கடைசி ஆண்டில் அப்படியொரு மழை இருந்தால் போக்குக்கோடு, அதாவது மழை கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் கோடு, மேலே இழுக்கப்படும். அந்த ஆண்டைச் சேர்த்து ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். ஒரு மாவட்டத்தின் 30 ஆண்டு மழையில் தெளிவான போக்கு எதுவும் தெரியாமலும் போகலாம். அதுவும் முடிவுதான், அப்படியே எழுதலாம். சென்டரில் கொடுத்தால் அந்தப் போக்குக்கோட்டை ஏற்றித்தான் தருவார்கள்.