பலர் சேர்ந்து எழுதும், எழுதியதைப் பின்னால் மாற்ற முடியாத மின்னணுக் கணக்குப் புத்தகம்தான் பிளாக்செயின். அது ஏன் இன்னும் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை? உண்மையான தடை எது?

பலரும் வேகத்தையும் மின்சாரச் செலவையும்தான் சொல்வார்கள். பிட்காயின் நொடிக்கு ஏழு பரிவர்த்தனைகளைத் தாண்டாது என்பது உண்மைதான். ஆனால் எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயின், பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறையை 2022 செப்டம்பரில் மாற்றிக்கொண்டதும் அதன் மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. இந்த வகைத் தடைகள் இன்றைக்கோ நாளைக்கோ தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது இன்னொன்று: தொழில் போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதச் சம்மதிக்க வேண்டும். அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கும்?

நான் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்; அதைக் கொடுத்தால்தான் வாங்குபவர் சரக்கை எடுக்க முடியும். அது இன்னும் பெரும்பாலும் காகிதம்தான். மூன்று ஒரிஜினல் போடுவார்கள். பின்பக்கம் கையெழுத்து, முத்திரை, அப்புறம் வங்கி வழியாகக் கூரியரில் வாங்குபவரின் ஊருக்குப் போகும். சில சமயம் கப்பல் முந்திவிடும், காகிதம் பிந்திவிடும். சரக்கு துறைமுகத்தில் கிடக்க, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 2014-ல் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு குளிர்பதன கன்டெய்னரைப் பின்தொடர்ந்து பார்த்தது. கிட்டத்தட்ட 30 தரப்புகள், 200-க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள்! பிளாக்செயினுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்றுதான் நானும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-ல் டிரேட்லென்ஸ் என்ற தளத்தைக் கொண்டுவந்தன. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் மற்ற கப்பல் கம்பெனிகளுக்கு அது போட்டிக் கம்பெனியின் தளம். தங்கள் வாடிக்கையாளர் யார், எந்தச் சரக்கு எங்கே போகிறது என்ற விவரத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கு மனசு வரும்? பெரிய கம்பெனிகள் சில பின்னால் சேர்ந்தன, ஆனாலும் போதவில்லை. உலகம் தழுவிய ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள்.

சட்டமும் மெதுவாகத்தான் வருகிறது. மின்னணு பில் ஆஃப் லேடிங்குக்குக் காகிதத்துக்குச் சமமான மதிப்புத் தரும் சட்டத்தை பிரிட்டன் 2023-ல்தான் இயற்றியது. வாங்குபவர் இருக்கும் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையென்றால் வங்கி காகிதத்தைத்தான் கேட்கும்.

இன்னொன்று, பதிவான தகவலை மாற்ற முடியாது என்பதால் அது உண்மை என்று ஆகிவிடாது. கன்டெய்னரின் எடையை யாராவது குறைத்துப் போட்டால் அந்தப் பொய்தான் அழியாமல் நிற்கும். எடை மேடையில் நிற்கும் ஆளின் நேர்மைக்கு மென்பொருள் பொறுப்பேற்க முடியாது.

பரவலாக வந்த இடமும் ஒன்று உண்டு, நம் நாட்டிலேயே. வணிக எஸ்எம்எஸ்களுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018-ல் கொண்டுவந்த டிஎல்டி (பகிர்ந்த பேரேடு) பதிவு இதே குடும்பத்துத் தொழில்நுட்பம்தான். 2021 மார்ச்சில் பதிவு செய்யாத செய்திகளைத் தடுத்து அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியதும் பலருக்கு ஓடிபி வராமல் தடுமாற்றம் ஆகி, ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் நிறுவனங்கள் வரிசையாக வந்து பெயரையும் செய்தி வாசகங்களையும் பதிவு செய்தன. உத்தரவு ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து வந்ததால் தளம் யாருடையது என்ற சண்டைக்கே இடமில்லை. பில் ஆஃப் லேடிங்கை இப்படித்தான் போட வேண்டும் என்று எல்லா நாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கும் சேர்த்து உத்தரவு போட அப்படி ஓர் ஆணையம் கிடையாது.